துரும்பும் மொய் நோட்டும்: மணவிலக்கு வழக்குகளில் நிரூபணம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



இரண்டு பொருள்களைச் சேர்த்து எனக்கு ஒரு தலைப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். வழக்காற்று முறைப்படி நடந்த திருமணத்தை மெய்ப்பிப்பது ஒன்று. மணவிலக்கு வழக்கில் முறைதவறிய உறவை மெய்ப்பிப்பது மற்றொன்று. சட்டக் கல்லூரியில் இவை வேறு வேறு பாடங்கள். நீதிமன்றத்தில் இரண்டும் ஒரே வழக்குக் கட்டுக்குள் வருகின்றன.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கின் எதிருரையைப் படித்தேன். நான்காம் பத்தியில் கணவர் சொல்கிறார்: மனுதாரருக்கும் எனக்கும் திருமணமே நடக்கவில்லை. பதினொன்றாம் பத்தியில் அவரே சொல்கிறார்: அப்படி நடந்ததாகவே வைத்துக்கொண்டாலும் மனுதாரரின் நடத்தை சரியில்லை, அவர் வேறொருவரோடு வாழ்கிறார். மாற்று வாதம் என்ற பெயரில் இதற்குச் சட்டம் இடம் தருகிறது. மனுதாரரான அந்தப் பெண் என்னிடம் கேட்டார்: "நான் அவரு பொண்டாட்டியே இல்லைன்னா, என் நடத்தையைப் பத்தி அவருக்கு என்ன சார்?" அன்று நான் சொன்ன பதில் சட்டப்படி சரியானது. எனக்கே அது போதவில்லை. இன்றைய உரையை அவருக்குச் சொல்லத் தவறிய பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். திருமணம் ஊர் கூடி நடப்பது. முறைதவறிய உறவு கதவைச் சாத்திக்கொண்டு நடப்பது. சாத்திய கதவுக்குப் பின்னால் நடந்ததைச் சூழ்நிலையை வைத்து ஊகிக்க இசையும் நாம், ஊர் கூடி நடந்ததற்கு மட்டும் அடி அடியாகச் சாட்சி கேட்கிறோம். இதனால் ஊர் மனைவியென்று ஏற்றுக்கொண்ட பெண், நீதிமன்றப் படியேறியதும் மனைவி என்ற நிலையை இழக்கிறாள். சில வழக்குகளில் அதற்கு மேலும் போய், நடத்தை கெட்டவள் என்ற பெயரும் வாங்குகிறாள். இந்தத் தலைகீழ் அளவு சட்டப் புத்தகத்தில் இல்லை. நம் பழக்கத்தில் இருக்கிறது.

1.

இந்து திருமணச் சட்டம் 1955-இன் 7ஆம் பிரிவை மாணவர்கள் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். இரு தரப்பில் எவரேனும் ஒருவரின் வழக்காற்றுச் சடங்குகளின்படி திருமணம் நடக்கலாம் என்பதுதான் அதன் முதல் விதி. அந்தச் சடங்குகளில் சப்தபதியும் அடங்கியிருந்தால், ஏழாவது அடியோடு மணம் முழுமையடைகிறது என்பது இரண்டாம் விதி. அடங்கியிருந்தால் என்ற அந்தச் சொல்லை நம் விசாரணை அறைகள் மறந்துவிடுகின்றன. ஏழடி வைக்கும் வழக்கமே இல்லாத சமூகத்துச் சாட்சியிடமும் எத்தனை அடி வைத்தார்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது? 1965இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த லோகாண்டே வழக்கு ஒரு முக்கிய ஊற்று. மகாராஷ்டிரத்திலிருந்து வந்த இருதார மணக் குற்ற வழக்கு அது. இரண்டாம் திருமணம் உரிய சடங்குகளோடு நடந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டவர் விடுவிக்கப்பட்டார். ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் வழக்கில் அப்படிக் கறாராகக் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கறார் மெல்ல மெல்ல ஜீவனாம்ச வழக்குக்கும் மணவிலக்கு வழக்குக்கும் பரவிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவரைக் காப்பதற்கென்று வைத்த அளவை, சோறு கேட்டு வந்த பெண்ணின் மீது வைத்தோம்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனி வரலாறு இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்றது. மாலை மாற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் குடும்பம் நடத்தியவர்களின் வாழ்க்கையை ஒரு தீர்ப்பு கேள்விக்குறியாக்கியது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் கொண்டுவரப்பட்ட 7ஏ பிரிவு அதை மாற்றியது. உறவினர், நண்பர், மற்றவர் எவரேனும் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். முன்பே நடந்த மணங்களுக்கும் அது பொருந்தும். இந்தச் சட்டம் வந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும், திருத்தணியில் நடந்த ஒரு திருமணத்தைப் பற்றிய வழக்கில் சப்தபதி மெய்ப்பிக்கப்படவில்லை என்றே விசாரணை நீதிமன்றம் கணவரை விடுவித்திருந்தது. 7ஏ பிரிவே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2001இல்தான் தெளிவுபடுத்தியது.

நான் முதலில் சொன்ன வழக்குக்கு வருகிறேன். மனுதாரரின் அத்தை சாட்சி சொன்னார். எழுபதை நெருங்கிய வயது. குறுக்கு விசாரணையில் கேட்டார்கள்: "தாலி கட்டும்போது மேளம் வாசித்தது யார்? எத்தனை சுற்று சுற்றினார்கள்?" அவர் சொன்னார்: "நான் பாக்கலீங்க. பந்தியில இலை போட்டுக்கிட்டு இருந்தேன்." தாலி கட்டியதைச் சாட்சி நேரில் பார்க்கவில்லை என்று குறிப்பெழுதப்பட்டது. முழு வாக்குமூலத்தையும் நான் பலமுறை படித்தேன். திருமணம் நடந்ததற்கு இதைவிட நம்பத்தக்க சாட்சியம் என்ன இருக்க முடியும்? கல்யாண வீட்டுப் பொம்பளைகளில் பாதிப் பேர் தாலி கட்டும் நேரத்தில் அடுப்படியிலும் பந்தியிலும்தான் இருப்பார்கள். பொய்ச் சாட்சி சொல்ல வந்தவர் முன்வரிசையில் நின்று பார்த்ததாகச் சொல்லியிருப்பார்.

2.

இந்திய சாட்சியச் சட்டம் 1872இன் 50ஆம் பிரிவைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் இது 44ஆம் பிரிவு. இருவருக்கிடையே என்ன உறவு என்ற கேள்வி எழும்போது, அதை அறியத்தக்க நிலையில் இருந்தவர்கள் தம் நடத்தையால் வெளிப்படுத்திய கருத்து ஏற்கத்தக்க சாட்சியம். சட்டமே தரும் முதல் எடுத்துக்காட்டு திருமணம்தான்: இருவரையும் கணவன் மனைவியாக நண்பர்கள் நடத்தினார்கள் என்பது பொருத்தமான சங்கதி. நடத்தையால் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஊர் வாயில் வந்த பேச்சு போதாது, நம்பிக்கை செயலில் தெரிய வேண்டும் என்று 1959இலேயே உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது.

இந்தப் பிரிவுக்கு ஒரு வரம்பு உண்டு. 1869ஆம் ஆண்டின் மணவிலக்குச் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளிலும், திருமணம் தொடர்பான சில குற்ற வழக்குகளிலும், இத்தகைய கருத்து மட்டும் திருமணத்தை மெய்ப்பிக்கப் போதாது. 1869 சட்டம் கிறித்தவர்களுக்கானது. அவர்களின் திருமணம் ஆலயப் பதிவேட்டில் இருக்கும். ஏடு இருக்கும் இடத்தில் ஏட்டைக் கேட்டது சட்டம். 1955இல் இந்து திருமணச் சட்டம் வந்தபோதும் அந்த வரம்பில் அதன் பெயரைச் சேர்க்கவில்லை. 2023இல் சாட்சியச் சட்டத்தையே புதிதாக எழுதியபோதும் சேர்க்கவில்லை. ஆகவே இந்து திருமணச் சட்டத்தின்கீழ் வரும் மணவிலக்கு வழக்கில், ஊர் இவர்களை எப்படி நடத்தியது என்ற சாட்சியம் தன்னளவில் நிற்கத் தக்கது என்பது என் உறுதியான வாசிப்பு. இந்த வாதத்தை நம் வழக்கறிஞர்கள் போதிய அளவு எடுத்து வைப்பதில்லை.

ஊர் நடத்தியதற்கு ஆவணம் உண்டா? உண்டு. அந்தப் பெண் மஞ்சள் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். பழுப்புக் காகித அட்டை, ஓரமெல்லாம் மஞ்சள் கறை. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழ் மணமக்கள் பெயர், தேதி, கோயில் பெயர். பிறகு முந்நூற்றுச் சொச்சம் வரிகள்: ஊர், பெயர், தொகை. பெண் வீட்டு மொய் நோட்டு. அதில் ஒரு வரியில் கணவருடைய சித்தப்பாவின் பெயர், 101 ரூபாய். பக்கத்திலேயே வேறு மையில் ஒரு சுழிப்பு, "செய்தாச்சு" என்று. அந்தச் சித்தப்பா வீட்டு விசேஷத்தில் பெண் வீட்டார் மொய்யைத் திருப்பிச் செய்ததன் குறிப்பு அது. திருமணமே நடக்கவில்லை என்று சொல்லக் கணவர் தரப்பு கொடுத்த சாட்சிப் பட்டியலில் முதல் பெயரும் அதே சித்தப்பாதான்.

மதுரை, உசிலம்பட்டி, புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மொய் என்பது கடன். வாங்கியவர் திருப்பிச் செய்தாக வேண்டும். நடக்காத கல்யாணத்துக்கு எவரும் கடன் கொடுப்பதில்லை. 50ஆம் பிரிவு கேட்கும் நடத்தைக்கு இதைவிடத் துல்லியமான வடிவத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தால் திருமணம் நடந்ததாகவே கொள்ள வேண்டும் என்ற அனுமானமும் பழையது. 1927இல் இலங்கையிலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில் பிரிவி கவுன்சில் அதை வலுவாகச் சொன்னது. 1978இல் ஐம்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த ஒரு தம்பதியைப் பற்றிய வழக்கில், அரை நூற்றாண்டுக்குப் பிறகு திருமணத்தை நேரில் கண்ட சாட்சி கேட்டால் எந்தக் குடும்பம் நிற்கும் என்ற கவலையை நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் பதிவு செய்தார். இந்த அனுமானம் மறுக்கத்தக்கதுதான். ஆனால் மறுப்பதன் சுமை, மறுப்பவர் தலையில் இருக்கிறது.

பதிவைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும். பதிவு நல்ல சான்று. ஆனால் அதுவே திருமணம் ஆகாது; சடங்கே நடக்காமல் வாங்கிய சான்றிதழ் திருமணமாகாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிவு இல்லை என்பதற்காக நடந்த திருமணமும் இல்லாமல் போகாது.

3.

வழக்காறு மணத்தைக் கட்டுவது மட்டுமில்லை, அவிழ்க்கவும் செய்கிறது. திருமண நிரூபணமும் நடத்தைக் குற்றச்சாட்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

அறுத்துக் கட்டுகிற வழக்கம் தமிழ்ச் சமூகங்கள் பலவற்றில் இருந்தது, இருக்கிறது. 1909இல் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளில், கள்ளர் பற்றிய பகுதியில் துரும்பு கொடுத்து மணம் முறிக்கும் வழக்கம் பதிவாகியிருக்கிறது. சாதியார் முன்னிலையில் கணவன் ஒரு துரும்பைக் கொடுக்கிறான், மனைவி வாங்கிக்கொள்கிறாள், அவ்வளவுதான். துரும்பு கொடுப்பது என்றால் விலக்குவது என்று மொழியிலேயே பொருள் ஏறியிருந்தது. அந்தப் பெண் பிறகு மறுமணம் செய்துகொண்டால் ஊரில் யாரும் புருவம் உயர்த்தவில்லை.

இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு இந்த உரிமையை அப்படியே காப்பாற்றித் தந்திருக்கிறது. ஆனால் நிரூபிக்க வேண்டும். வழக்கம் நெடுங்காலம் இடையறாமல், ஒரே சீராகக் கைக்கொள்ளப்பட்டு, ஐயமற்றதாக, நியாயத்துக்கும் பொதுநலனுக்கும் மாறுபடாததாக இருக்க வேண்டும். வழக்காற்று விலக்கைச் சொல்பவரே அந்த வழக்கத்தை எழுத்தில் எடுத்துரைத்து மெய்ப்பிக்க வேண்டும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. பஞ்சாபில் ஊர் வழக்கங்களை அதிகாரிகளே தொகுத்த ரிவாஜ்-இ-ஆம் ஏடுகள் இருந்தன. டச்சுக்காரர்கள் காலத்தில் தொகுத்த தேசவழமை யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. நம் சமூகங்களின் துரும்புக்கு அப்படி ஓர் ஏடு கிடையாது.

மெய்ப்பிக்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்று படிப்படியாகப் பாருங்கள். விலக்கு செல்லாது. முதல் மணம் நிலைக்கிறது. ஆகவே இரண்டாம் மணம் செல்லாது. இரண்டாம் கணவன் "இவள் என் மனைவியே இல்லை" என்று கைவிரிக்கலாம். முதல் கணவனோ "என் மனைவி வேறொருவனோடு வாழ்கிறாள்" என்று முறைதவறிய உறவைக் காட்டி மணவிலக்குக் கேட்கலாம். ஊர் முன்னிலையில் துரும்பு வாங்கிக்கொண்டு நேராக வாழ்ந்த ஒருத்தியை, சாட்சியத்தில் இருந்த ஓர் ஓட்டை ஒழுக்கம் கெட்டவளாக்கிவிடுகிறது. நான் பார்த்த ஒரு பெண் தன் விடுதலைப் பத்திரத்தை லேமினேஷன் செய்து வைத்திருந்தார். இருபது ரூபாய் முத்திரைத் தாள். நான்கு கையெழுத்து, இரண்டு கைநாட்டு. பரிசப் பணம் திருப்பித் தரப்பட்டது என்ற வரியை மட்டும் யாரோ அடிக்கோடிட்டிருந்தார்கள். அந்தச் சமூகத்தின் வழக்கம் என்ன என்று அவருடைய மனுவில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. பத்திரம் பேசும் என்று நினைத்துவிட்டார்கள். வழக்கத்தை எழுதாமல் பத்திரத்தை மட்டும் நீட்டினால் பத்திரம் பேசாது.

இந்த வேதனையை உச்ச நீதிமன்றம் உணரத் தொடங்கியிருக்கிறது. 2005இல், செல்லாத மணத்துப் பெண் ஜீவனாம்சப் பிரிவின்படி மனைவியாக மாட்டாள் என்று தீர்ப்பானது. 2025 ஜனவரியிலோ, முதல் கணவரிடமிருந்து ஒப்பந்தம் எழுதிப் பிரிந்து, நீதிமன்ற ஆணை இல்லாமலே மறுமணம் செய்த பெண்ணுக்கு இரண்டாம் கணவர் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. இருபது ஆண்டுகள். அந்த இருபது ஆண்டுகளில் வெறுங்கையோடு திரும்பியவர்களின் எண்ணிக்கை எந்த அறிக்கையிலும் வராது.

4.

இனி மறுபக்கம். இந்து திருமணச் சட்டத்தின் 1976 திருத்தத்துக்கு முன் மணவிலக்குக்கு "முறைதவறிய உறவில் வாழ்ந்து வருதல்" தேவைப்பட்டது. திருத்தத்துக்குப் பின், மணத்துக்குப் பிறகு வேறொருவரோடு மனமிசைந்து ஒருமுறை உடலுறவு கொண்டிருந்தாலும் போதும். ஜீவனாம்சத்தை மறுப்பதற்கு மட்டும் "வாழ்ந்து வருதல்" என்ற பழைய சொல்லே இருக்கிறது. ஒரு தவற்றைக் காட்டி மணவிலக்குப் பெறலாம், அதே ஒரு தவற்றைக் காட்டிச் சோற்றை நிறுத்த முடியாது. பல உயர் நீதிமன்றங்கள் இந்த வேறுபாட்டை வற்புறுத்தியிருக்கின்றன. கீழமை நீதிமன்றங்களில் இதை நினைவூட்ட வேண்டியது உங்கள் கடமை. 2018 செப்டம்பரில் ஜோசப் ஷைன் வழக்கில் முறைதவறிய உறவு குற்றம் என்ற நிலை ஒழிந்தது. மணவிலக்குக் காரணமாக அது தொடர்கிறது.

எந்த அளவுக்கு மெய்ப்பிக்க வேண்டும்? 1958இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழக் குற்ற வழக்கின் உறுதியைக் கேட்டது. 1975இல் தாஸ்தானே வழக்கு, மண வழக்குகள் உரிமையியல் வழக்குகளே, நிகழ்தகவின் எடை போதும் என்றது. நேரடிச் சாட்சி கிடைக்காது என்பதால் வாய்ப்பும் நாட்டமும் சேர்ந்த சூழ்நிலையிலிருந்து ஊகிக்கலாம் என்பது பழைய விதி. அந்த விதியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? தேதி இல்லை, இடம் இல்லை, உடன் வாழ்ந்ததாகச் சொல்லும் ஆளின் பெயர்கூட இல்லை. "நடத்தையில் சந்தேகம்" என்ற இரண்டு சொற்கள் மனுவில் ஏறிவிடுகின்றன. மில் வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு ஒருவர் வண்டியில் கொண்டுவந்து விட்டார் என்பது வாய்ப்பு. அலைபேசியில் சிரித்துப் பேசினாள் என்பது நாட்டம். பந்தியில் இலை போட்ட அத்தையிடம் தாலிக்கட்டின் முழு விவரத்தையும் கேட்டவர்களே, இங்கே வண்டிச் சத்தத்தோடு திருப்தி அடைகிறார்கள்.

குழந்தையைக் கொண்டு தாயின் நடத்தையை அளக்க முயல்வது இன்னும் கொடியது. மணம் நிலைத்திருக்கும்போது பிறந்த குழந்தை, அல்லது மணம் முறிந்து 280 நாளுக்குள் பிறந்து தாய் மறுமணம் செய்யாதிருந்தால் அந்தக் குழந்தை, கணவனின் குழந்தைதான் என்பது சட்டத்தின் முடிவான சான்று. அந்தக் காலத்தில் இருவருக்கும் நெருங்க வாய்ப்பே இருக்கவில்லை என்று காட்டினால் மட்டுமே அது உடையும். 2014இல் ஒரு வழக்கில் டி.என்.ஏ. சோதனைக்கு உச்ச நீதிமன்றம் இடம் கொடுத்தது. தாய் மறுக்கலாம், மறுத்தால் அவருக்கு எதிராக ஊகிக்கலாம் என்றது. 2023இல் மற்றோர் அமர்வு, தாயின் நடத்தையை மெய்ப்பிக்கும் குறுக்குவழியாகக் குழந்தையின் இரத்தத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று மறுத்தது. நான் 2023 தீர்ப்பின் பக்கம் நிற்கிறேன். குழந்தை வழக்கில் தரப்பினர் அல்ல. தன் பிறப்பைப் பற்றிக் கேள்வி கேட்க அது யாரையும் அமர்த்தவில்லை.

மின்னணுச் சான்றுகளுக்கு வருவோம். கணவன் மனைவிக்குள் இரகசியமாகப் பதிவு செய்த உரையாடலையும் மண வழக்கில் ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் தீர்ப்பாகியிருக்கிறது. ஏற்பது வேறு, நம்புவது வேறு. வெட்டி ஒட்டாத முழுப் பதிவா, உரிய சான்றிதழ் இருக்கிறதா, பேச்சை யார் தூண்டினார்கள் என்ற கேள்விகள் எல்லாம் எஞ்சியிருக்கின்றன.

5.

இந்த இரண்டு நிரூபணங்களும் எதிரெதிரே நிற்கும் ஓர் இடத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணவன் இரண்டாம் திருமணம் செய்துகொண்டான் என்று வரும் முதல் மனைவியை நாம் உடனே இருதார மணப் புகாருக்கு அனுப்புகிறோம். அங்கே இரண்டாம் மணத்தின் சடங்கை மெய்ப்பிக்கும் சுமை அவள் தலையில் விழுகிறது. அந்தத் திருமணத்துக்கு அவளை யாரும் அழைக்கவில்லை, சாட்சி சொல்லவும் எவரும் வரமாட்டார்கள். அவள் விரும்புவது மணவிலக்கு என்றால் அந்தச் சுமையே தேவையில்லை. இரண்டாம் வீட்டில் இருவரும் குடும்பம் நடத்துவதைக் காட்டினால் முறைதவறிய உறவு என்ற காரணம் நிறைவாகிவிடும். ரேஷன் அட்டை, வாடகை ஒப்பந்தம், பள்ளிச் சேர்க்கைப் படிவம், இவை போதும்.

6.

இளம் வழக்கறிஞர்களே, நீங்கள் திங்கட்கிழமையே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. மனு எழுதும்போது "இந்து முறைப்படி திருமணம் நடந்தது" என்ற அச்சு வாசகத்தை விட்டுவிடுங்கள். அந்தச் சமூகத்தில் திருமணம் எப்படி நடக்கும், எந்தச் செயலோடு மணம் முடிந்ததாக அவர்கள் கருதுகிறார்கள் என்று விவரமாக எழுதுங்கள். 7ஏ பிரிவு பொருந்துமானால் அதையும் சேர்த்தே எழுதுங்கள். முதல் விசாரணையில் சாட்சியிடம் அவர் எங்கே நின்றார், என்ன வேலை செய்தார் என்று கேளுங்கள். பந்திக்கு யார் பொறுப்பு, தாய்மாமன் சீர் என்ன வந்தது, மொய் எழுத யார் உட்கார்ந்தார், மறுவீட்டுக்கு யார் அழைத்துப் போனார், முதல் தீபாவளிக்கு எந்த வீட்டில் இருந்தார்கள் என்று கேளுங்கள். இவை எல்லாம் சாட்சிக்குத் தெரியும். தெரிந்ததைக் கேட்டால் சாட்சி தடுமாற மாட்டார்.

எதிர்த் தரப்பு நடத்தையைக் குறை சொன்னால், பெயரும் தேதியும் இடமும் தரச் சொல்லி உடனே மனுப் போடுங்கள். தர முடியாத பத்தியை நீக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரே எதிருரையில் திருமணத்தையும் மறுத்து நடத்தையையும் பழித்தால், அந்த இரண்டாம் பத்தி எந்த நல்லெண்ணத்தில் எழுதப்பட்டது என்று குறுக்கு விசாரணையின் முதல் கேள்வியாகவே கேளுங்கள்.

மொய் நோட்டு அந்தப் பெண்ணின் வழக்கில் சான்றாவணமாகக் குறியிடப்பட்டது. குறுக்கு விசாரணையில் சித்தப்பாவிடம் அந்த வரியைக் காட்டினார்கள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெயர் தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். திருமணம் நடந்தது என்று தீர்ப்பாகியது. பதினொன்றாம் பத்திக்கு ஒரு சாட்சிகூட வரவில்லை. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அந்தப் பெண் நகல் பிரிவுக்கு நடையாய் நடந்து, மூல ஆவணத்தைத் திருப்பித் தரச் சொல்லி மனுப் போட்டு நோட்டை வாங்கிக்கொண்டார். ஜெயித்த பிறகும் எதற்கம்மா இவ்வளவு அலைச்சல் என்று கேட்டேன். இன்னும் அறுபது வீட்டுக்கு மொய் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கிறது, கணக்கு இதில்தானே சார் இருக்கிறது என்றார்.